பாரன் தீவு எரிமலை 1787-க்கு முன் எத்தனை முறை வெடித்தது? கடலுக்கடியில் கிடக்கும் சாம்பலை வைத்து அதைச் சொல்ல முடியுமா?

டீசல்முருகன் (கேள்வி)

வணக்கம். நான் அந்தமானில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். எனக்குப் படகு இன்ஜின் வேலை.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடகைப் படகில் பாரன் தீவுப் பக்கம் போயிருந்தோம். போர்ட் பிளேரிலிருந்து (ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், என் வாயில் இன்னும் வரவில்லை) வடகிழக்கே 140 கிலோமீட்டர் போல. இறங்க அனுமதி கிடையாது, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தீவு மொத்தமே மூன்று கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். அன்றைக்கு மலை புகைந்துகொண்டிருந்தது.

நான் கீழே இன்ஜின் ரூமில் இருந்தேன். மேலே வந்து பார்த்தால் டெக் முழுக்கக் கருப்பாக ஏதோ கிடக்கிறது. சைலன்சர் கரி என்றுதான் முதலில் நினைத்தேன், ஓட்டுநரைத் திட்டவும் செய்தேன். மிதித்துப் பார்த்தால் நறநற என்கிறது. கரி அப்படி இருக்காது, காலில் அப்பிக்கொள்ளும். அப்புறம்தான் புரிந்தது, மலை துப்பிய சாம்பல். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் அதற்குள்ளும் அதுவே. பதினைந்து இருபது வாளி தண்ணீர் அடித்துக் கடலில் தள்ளினோம். கொஞ்சத்தை மட்டும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன், இன்னும் வீட்டில் இருக்கிறது.

படகில் வந்தவர்களுக்குள் ஒரு வாக்குவாதம். ஒருவர், இந்த மலை முதலில் வெடித்தது 1787-இல் என்கிறார். இன்னொருவர், அது வெள்ளைக்காரன் கப்பலில் போகும்போது பார்த்து எழுதி வைத்த வருடம், மலைக்கு 70,000 வருடக் கணக்கே இருக்கிறது, கடலடிச் சேற்றைத் தோண்டிக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்கிறார். எனக்கு இரண்டாவது ஆள் சொன்னது சரியென்று படுகிறது. ஆனால் எப்படி என்று விளங்கவில்லை. நான் தள்ளிய அந்தச் சாம்பல் எங்கே போயிருக்கும்? அலையிலும் நீரோட்டத்திலும் கரைந்து போகாதா? பல ஆயிரம் வருடம் கழித்து ஒருத்தன் வந்து, இது இந்த மலை, இந்த வருடம் என்று எப்படிச் சொல்வான்?

கல்வெட்டு_ரசிகன்

இதற்கு ஏன் கடலடிக்குப் போக வேண்டும்? தீவிலிருந்து பாறையை எடுத்து ஆர்கான் முறையில் வயது பார்த்தால் முடிந்தது.

வின்ச்மேன்

கல்வெட்டு சார் சொன்ன வேலையும் நடந்திருக்கிறது. தீவில் வெளியே தெரியும் எரிமலைக் குழம்புப் பாறைகளில் மிகப் பழையதற்கு ஏறத்தாழ 16 லட்சம் வயது என்று 2015-இல் வெளியிட்டார்கள். ஆனால் தீவின் மேலே பார்ப்பது, பழைய வீட்டுச் சுவரில் கடைசியாக அடித்த சுண்ணாம்பைப் பார்ப்பது மாதிரி. ஒவ்வொரு குழம்பும் முந்தையதை மூடிவிடும். நடுவில் மலையின் உச்சியே உள்ளே இடிந்து விழுந்து பெரிய கிண்ணமாகி, அதற்குள் இன்றைய கூம்பு வளர்ந்திருக்கிறது. மீதியை அலை அரிக்கிறது. கடலுக்கு மேல் தெரிவது 350 மீட்டர் என்றால், கடல்தரை அதற்கும் கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கிறது. அதாவது மலையின் பெரும்பகுதியை யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை.

முருகன் தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேல் ஆராய்ச்சிக் கப்பல்களில் டெக் வேலை பார்த்தவன். விஞ்ஞானி இல்லை. சேற்றை மேலே கொண்டு வருகிற ஆள். அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

நீங்கள் தள்ளிய சாம்பல் கரையாது. அது கண்ணாடியும் கனிமமும் கலந்த பொடி, உப்பு இல்லையே. நேராகக் கீழே போகும். எவ்வளவு நேரத்தில் என்பதுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 1991 ஜூனில் பிலிப்பைன்சில் பினாட்டுபோ வெடித்தபோது, தென்சீனக் கடலில் ஏற்கெனவே வேறு வேலைக்காக வண்டல் பிடிக்கும் பொறிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெரிய புனல் மாதிரி இருக்கும், மேலிருந்து விழுவதைச் சேகரிக்கும். நுண்ணிய சாம்பல் தனித்தனியாக விழுந்தால் மூன்று கிலோமீட்டர் இறங்க மாதக்கணக்கில் ஆக வேண்டும். ஆனால் அங்கே சில நாட்களிலேயே ஆழத்துப் பொறிக்கு வந்துவிட்டது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, பாரமான கலங்கல் நீராகத் திமுதிமுவென்று இறங்கியிருக்கிறது. அதனால் நீரோட்டம் அள்ளிக்கொண்டு போய்க் கண்ட இடத்தில் போட அதிக நேரம் கிடைப்பதில்லை.

கீழே என்ன இருக்கிறது? சேறு. அந்தமான் கடலுக்குச் சேறு கொடுப்பதில் மியான்மரின் ஐராவதிதான் பெரிய கை. மழைக்காலத்தில் அது கொண்டுவரும் வண்டல் மெல்ல மெல்லப் படியும். தீவு இருக்கும் ஆழப்பகுதியில் ஆயிரம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் சேரும். சாம்பலோ ஒரே நாளில், ஒரே வாரத்தில் வந்து விழுகிறது. பச்சை கலந்த சாம்பல்நிறச் சேற்றுக்கு நடுவே ஒரு கருப்புப் பட்டை. அதற்கு மேல் மறுபடி சேறு.

எடுப்பது இப்படி. ஒரு டன் அளவு ஈயக் கட்டிகள் மாட்டிய இரும்புக் குழாய், உள்ளே பிவிசி லைனர். வின்ச் வயரில் கட்டி இறக்குவோம். இரண்டு கிலோமீட்டர் இறங்க அரை மணி நேரத்துக்கு மேல். தரைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, கப்பல் ஆட்டம் அடங்கும் நொடி பார்த்து, வேகமாக விட வேண்டும். குழாய் தன் எடையிலேயே சேற்றில் இறங்கும். திரும்ப இழுக்கும்போது மீட்டரில் இழுவிசை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விழும், அந்த நொடியில் சேற்றை விட்டு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். சில நேரம் காலிக் குழாய் வரும். அன்றைக்கு யாரும் யாருடனும் பேச மாட்டார்கள்.

மேலே வந்ததும் லைனரை உருவி, ஒரு மீட்டர் துண்டுகளாக அறுத்து, இரண்டு முனையும் மூடி, மேல் எது கீழ் எது என்று அம்புக்குறி போட வேண்டும். இதில்தான் நான் ஒருமுறை மாட்டினேன். எந்தக் கப்பல், எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். ராத்திரி இரண்டு மணி, மழை, நாலாவது கோர் (குழாயில் வரும் சேற்று உருளையை அப்படித்தான் சொல்வோம்). ஒரு துண்டில் அம்பைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்துக் கரையில் பிளந்து பார்த்தவர்கள் குழம்பியிருக்கிறார்கள், நடுவில் மட்டும் காலம் பின்னோக்கி ஓடுகிறதே என்று. சாம்பல் அடுக்குதான் என்னைக் காட்டிக் கொடுத்தது. சாம்பல் விழும்போது கனமான பெரிய மணி முதலில் படியும், பொடி கடைசியில். அதனால் அடுக்கின் அடிவிளிம்பு கத்தியால் வெட்டினது போலக் கூர்மையாகவும், மேல்விளிம்பு மங்கலாகவும் இருக்கும். என் துண்டில் மட்டும் கூர்மையான விளிம்பு மேலே. அந்தத் தலைமை விஞ்ஞானி திட்டவில்லை. ஆனால் அடுத்த பயணத்தில் எனக்கென்று தனியாக ஒரு சிவப்பு மார்க்கர் கொடுத்தார். அது திட்டைவிட மோசம்.

இன்னொன்று. பிளந்த கோரில் கருப்பாக இருப்பதெல்லாம் சாம்பல் இல்லை. அழுகிய சேறும் கருப்பாகத்தான் வரும், அழுகிய முட்டை வாடையோடு. பழைய ஆட்கள் நகத்தால் துளி எடுத்து முன்பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். களிமண் வெண்ணெய் மாதிரி வழுக்கும். சாம்பல் நறநற. உங்கள் கால் சொன்னதைத்தான் எங்கள் பல் சொல்லும்.

கல்வெட்டு_ரசிகன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பாரன் தீவுச் சாம்பல் என்று யார் சொன்னது? பக்கத்திலேயே நார்கொண்டம் என்ற இன்னொரு எரிமலைத் தீவு இருக்கிறது. தெற்கே சுமத்ராவில் வரிசையாக எரிமலை. அதில் டோபா வெடித்த சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரை வந்து கிடக்கிறது. கருப்பாக இருந்தால் பாரன் என்று எழுதிவிடுவார்களா?

ஓடுபொறுக்கி

நல்ல கேள்வி. இது என் பக்கம் என்பதால் நான் சொல்கிறேன். வின்ச்மேன் அண்ணா கொண்டு வரும் சேற்றைச் சலித்து நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை.

டோபாவையும் பாரனையும் பிரிப்பது எளிது. டோபா 74,000 ஆண்டு வாக்கில் வெடித்தபோது வந்தது சிலிக்கா மிகுந்த சாம்பல். நுண்ணோக்கியில் உடைந்த பல்புச் சில்லு மாதிரி நிறமில்லாத, வளைந்த கண்ணாடித் துண்டுகள். பாரன் பெரும்பாலும் சிலிக்கா குறைந்த பசால்ட் வகை, அதன் துகள் கருப்பு, பழுப்பு, குமிழித் துளைகளோடு கட்டையாக இருக்கும். நார்கொண்டத்தின் பாறை முக்கியமாக ஆண்டசைட், டேசைட், அதாவது பசால்ட்டைவிடச் சிலிக்கா கூடியவை. அதுவும் வேறு முகம்.

கண்ணால் மட்டும் முடிவு செய்ய மாட்டோம். ஸ்ட்ரான்ஷியம், நியோடிமியம் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்கள்) விகிதங்களைப் பார்ப்போம். பாரன் தீவுக் குழம்பில் ஸ்ட்ரான்ஷியம் 87/86 விகிதம் 0.704 அருகில் வரும். ஐராவதிச் சேற்றில் அது 0.71-க்கு மேல். மூன்றாவது தசமத்தில் இருக்கும் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், கருவிக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

முருகன் படகில் கேட்ட 70,000 வருடக் கணக்கு இதுவாகத்தான் இருக்க வேண்டும். சாகர் கன்யா கப்பல் எடுத்த ஒரு கோர். தீவுக்குத் தென்கிழக்கே 32 கிலோமீட்டர், சுமார் நான்கு மீட்டர் நீளம். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், மும்பை ஐ.ஐ.டி., புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் அதை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். கடந்த 72,000 ஆண்டுக்குள் ஏழு சாம்பல் அடுக்குகள்.

காலம் எப்படித் தெரியும்? சாம்பலில் கார்பன் இல்லை. அதனால் சாம்பலுக்கு ஒட்டி மேலும் கீழும் உள்ள சேற்றிலிருந்து ஃபோராமினிஃபெரா ஓடுகளைப் பொறுக்குவோம். கடலின் மேல்பரப்பில் மிதந்து வாழ்ந்து, செத்ததும் கீழே விழும் ஒற்றைச் செல் உயிர்களின் சுண்ணாம்பு ஓடு. பாப்கார்ன் மாதிரி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், அளவு மட்டும் மணல் பரல். பூஜ்யம் நம்பர் தூரிகையின் நுனியை ஈரமாக்கித் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு கார்பன்-14 அளவீட்டுக்குச் சில நூறு ஓடுகள் வேண்டும், அதுவும் ஒரே இனமாக இருந்தால் நல்லது. எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது மேசையை இடித்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். தும்மலுக்கே தனி ஒழுங்குமுறை வைத்திருக்கிறோம்.

கார்பன்-14 சுமார் 50,000 ஆண்டோடு நின்றுவிடும். அதற்கு அப்பால், அதே ஓடுகளின் ஆக்ஸிஜன் ஐசோடோப் ஏற்ற இறக்கத்தைப் பனியுகங்களின் அறியப்பட்ட வரிசையோடு பொருத்துவது ஒரு வழி. சேறு படியும் வேகத்தை வைத்துக் கீழ்நோக்கி நீட்டுவது இன்னொரு வழி. கீழே போகப் போகப் பிழை கூடும்.

இப்போது படகில் நடந்த வாக்குவாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டாவது ஆள் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 72,000 ஆண்டில் ஏழு அடுக்கு என்றால் சராசரியாகப் பத்தாயிரம் வருடத்துக்கு ஒன்று. ஆனால் எழுத்தில் உள்ள கொஞ்ச காலத்தைப் பாருங்கள்: 1787, 1789, 1803-04. பிறகு நீண்ட அமைதி. 1991-இல் மறுபடி விழித்து, 1994-95, 2005, 2017 என்று அடிக்கடி. அப்படியானால் அந்த ஏழு என்பது வெடிப்புகளின் எண்ணிக்கையே இல்லை. 32 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு குழாயில், கண்ணுக்குத் தெரிகிற தடிமனுக்குச் சாம்பல் போட்ட பெரிய வெடிப்புகளின் எண்ணிக்கை. குழம்பு மட்டும் வழிந்தோடிய வெடிப்பு இதில் வரவே வராது. மில்லிமீட்டருக்கும் குறைவாக விழுந்த சாம்பலைப் புழுக்கள் குடைந்து சேற்றோடு கலந்துவிடும். அதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது, சென்டிமீட்டர் சென்டிமீட்டராகச் சலித்துத் துகள் எண்ணித்தான் பிடிக்க வேண்டும்.

தலைகீழான தவறும் உண்டு, ஒரே வெடிப்பை இரண்டாக எண்ணுவது. இதைக் கற்றுக் கொடுத்த இடம் கரீபியக் கடலின் மான்செராட் தீவு. அங்கே 1995 ஜூலையில் தொடங்கிய வெடிப்பை மலை மேலிருந்தும் கண்காணித்தார்கள், கடலடியையும் தோண்டிப் பார்த்தார்கள். 2003 ஜூலையில் எரிமலைக் குவிமாடம் (வாயில் கெட்டிக் குழம்பு குவிந்த மேடு) இடிந்தபோது பெரும்பகுதி கடலுக்குள் பாய்ந்தது. பெரிய கற்கள் கரைக்குப் பக்கத்திலேயே குவிந்தன. நுண்ணிய பகுதி நீரோடு கலந்து, கடல்தரையில் கலங்கல் ஓட்டமாகப் பல பத்து கிலோமீட்டர் போய்ப் படிந்தது. ஆக, ஒரே நிகழ்வு வானத்திலிருந்து விழுந்த சாம்பலாக ஒரு அடுக்கும், தரையோடு ஓடி வந்த அடுக்குமாக இரண்டைப் போடலாம். ஓடி வந்தது கீழேயுள்ள சேற்றை அரித்திருக்கும், ஆழமில்லாத இடத்துச் சிப்பி உடைசல் அதில் கலந்திருக்கும். 2012-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் மான்செராட்டைச் சுற்றியும் மார்டினிக் பக்கமும் பல இடங்களில் துளையிட்டது. ஒரு குழாயை மட்டும் நம்பக் கூடாது என்பதால்தான் அத்தனை துளை. பாரனைச் சுற்றி அப்படி எட்டுத் திசையிலும் கோர் எடுத்தால் ஏழு என்ற எண்ணிக்கை கூடும் என்பது என் கணிப்பு.

ஏனென்றால் காற்று இருக்கிறதே. தென்மேற்குப் பருவக்காற்றில் வெடித்தால் சாம்பல் வடகிழக்கே போகும். வடகிழக்குக் காற்றில் வெடித்தால் தென்மேற்கே. தென்கிழக்கில் உட்கார்ந்திருக்கும் கோருக்கு இரண்டிலும் ஓரத்துத் துணுக்குதான் கிடைக்கும்.

டீசல்முருகன்

எல்லோருக்கும் நன்றி. முக்கால்வாசி புரிந்தது. ஐசோடோப் மட்டும் இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

பாட்டிலைத் திறந்து பார்த்தேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டு போனால் மீசை மாதிரி எழுந்து ஒட்டிக்கொள்கிறது, எல்லாம் இல்லை, ஒரு பகுதி. பல்லில் கடித்தும் பார்த்தேன் வின்ச்மேன் அண்ணா. ராத்திரி சோறு தின்னும்போதும் நறநறத்தது.

ஓடுபொறுக்கி

காந்தத்தில் ஒட்டுவது மேக்னடைட் மணிகள். பசால்ட் சாம்பலில் அப்படித்தான் இருக்கும். டோபாச் சாம்பல் இப்படி மீசை வைக்காது :)

பாட்டிலில் தேதி எழுதியிருக்கிறீர்களா? தேதி இல்லாத மாதிரிக்கு மதிப்பு பாதி. படகு தீவுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதும் வேண்டும்.

டீசல்முருகன்

தேதி எழுதவில்லை மேடம். நினைவும் இல்லை. ஆனால் சாம்பல் எங்கள் மேல் விழுந்ததென்றால் காற்று மலையிலிருந்து எங்களை நோக்கி வந்திருக்க வேண்டும் இல்லையா. நாங்கள் ஊர் திரும்ப முகத்தைத் திருப்பிவிட்டோம், அதாவது தீவுக்குத் தென்மேற்கே. அப்படியென்றால் அது வாடைக்காற்று. அப்பா சொல்வார், வாடை விழுந்தால் கார்த்திகைக்கு மேல், மாசி வரைக்கும் என்று. இங்கேயும் கிட்டத்தட்ட அதேதான்.

அப்புறம் ஒன்று தோன்றியது. ஏர் ஃபில்டர் மாற்றினேனே, அதை இன்ஜின் லாக் புத்தகத்தில் எழுதாமல் விட மாட்டேன். தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

டீசல்முருகன்

கிடைத்துவிட்டது. 2017 பிப்ரவரி, முதல் வாரம். "ஏர் ஃபில்டர் புதிது, கருப்பு மண்" என்று என் கையெழுத்து.

வின்ச்மேன்

தம்பி, அதற்கு முந்தின மாதம் 23-ஆம் தேதிதான் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்து ஆட்கள் சிந்து சங்கல்ப் கப்பலில் அதே தீவுக்குப் பக்கத்தில் கடலடி மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மலை திடீரென்று சாம்பல் துப்ப ஆரம்பித்து, ஒரு மைல் தள்ளிப் போய் நின்று பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஐந்து, பத்து நிமிடம். பகலில் சாம்பல் மட்டும் தெரிந்தது, பொழுது சாய்ந்த பிறகு நெருப்புக் குழம்பு சிவப்பாகப் பீய்ச்சியது. உங்கள் மேல் விழுந்தது அதன் தொடர்ச்சியாக இருக்கும்.

காற்று வாடை, நீங்கள் தென்மேற்கு. அந்த 32 கிலோமீட்டர் இடத்தில் இன்றைக்குக் கோர் போட்டாலும் உங்கள் சாம்பல் அதில் அனேகமாக இருக்காது.

பாட்டிலைக் கழுவாதீர்கள், காந்தத்தை அதற்குள் விட்டு இனிமேல் துழாவாதீர்கள், மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். வெளியே தேதி, தென்மேற்கு, வாடை என்று எழுதுங்கள். சிவப்பு மார்க்கர் இருந்தால் நல்லது.